பாலாற்றங்கரையில் நான்கு சைக்கிள் வழிகள்: மெதுவாகப் போனால் தெரியும் காஞ்சிபுரம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி கேட்ட ஒரு கேள்விதான் இதற்குக் காரணம். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறாள். ஹெல்மெட், கையுறை எல்லாம் உண்டு. வாரம் தவறாமல் தோழிகளோடு கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய் வருகிறார்களாம்.

"தாத்தா, அந்த ரோடு போரடிச்சிடுச்சு. காஞ்சிபுரம் பக்கம் வந்தா எங்க ஓட்டலாம்? மலை ஏதாவது இருக்கா?" என்றாள்.

"மலைன்னு சொல்ல முடியாது கண்ணு, சின்னச் சின்னக் குன்றுதான். ஆனா ஆறு இருக்கு, ஏரி இருக்கு, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கதை இருக்கு" என்றேன்.

"ஆத்துல தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அதற்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்காக எழுத ஆரம்பித்தது, உங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில் என் சைக்கிள் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவர். எங்கள் வீட்டில் இருந்த ஒரே வண்டி ஒரு பழைய ஹெர்குலஸ் சைக்கிள். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. அதன் பின் கேரியரில் வெள்ளைத் துணியில் சுற்றிய பாவு, முன்னால் ஹேண்டில்பாரில் சரிகையும் பட்டும் உள்ள மஞ்சள் பை. முதலாளி கடைக்கும் வீட்டுக்கும் அந்தச் சைக்கிள் நடந்த நடை கணக்கில் அடங்காது. அதை நாங்கள் தொடக்கூடாது. ஓட்டக் கற்றுக்கொண்டது வாடகை சைக்கிளில்தான். கடைக்காரர் கரும்பலகையில் பெயரையும் நேரத்தையும் எழுதுவார். ஒரு மணி நேரம் முடிந்து ஐந்து நிமிடம் ஆனாலும் அரை மணி வாடகை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் வரி உண்டு. கட்டியதற்கு அடையாளமாக ஒரு பில்லை தருவார்கள், அதை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். விளக்கு இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார்.

அப்படிக் கற்ற சைக்கிளில்தான் பிறகு வரலாற்று ஆசிரியராகி, பையன்களை அழைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றினேன். 1978 முதல் 1996 வரை, ஆண்டுக்கு நான்கு பயணம். அந்த நான்கு வழிகளைத்தான் கீழே சொல்லப்போகிறேன். 1996-ல் ஏன் நின்றது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

சைக்கிளில் போகிறவனுக்குத்தான் தரையின் சாய்வு தெரியும். காரில் போனால் காஞ்சிபுரம் ஒரு சமவெளி. சைக்கிளில் மேற்கே தாமல், காவேரிப்பாக்கம் பக்கம் மிதித்தால் தொடை கொஞ்சம் வலிக்கும். திரும்பும்போது வண்டி தானாக உருளும். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து அடித்தால் போகும்போது தண்டனை, வரும்போது பரிசு. தரை மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சாய்ந்திருக்கிறது. பல்லவர்கள் படித்த பாடமும் இதுதான். சாய்வுக்குக் குறுக்கே மண்ணால் ஒரு கரை போட்டால் மழைநீர் தேங்கும். அது ஏரி. ஏரிக்கு ஆற்றிலிருந்து ஒரு கால்வாய். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு. கரை மீது ஒரு வழி, கால்வாய் ஓரம் ஒரு வழி. மழைக்காலத்தில் வயலெல்லாம் சேறாக இருக்கும்போது மேடாக, காய்ந்து கிடப்பது கரை மட்டும்தானே? மாடும் வண்டியும் மனிதனும் அதன் மீதுதான் போனார்கள். நம் கிராமத்துச் சாலைகள் பல ஏன் வளைந்து வளைந்து போகின்றன என்று கேட்டால், என் பதில்: அவை தண்ணீர் போன வழியை ஒட்டிப் போகின்றன.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222, ஆக மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் சேருகிறது. நம் பக்கம் வரும்போது அகலம் அதிகம், ஆழம் குறைவு, முழுக்க மணல். மேலே தண்ணீர் ஓடாத மாதங்களிலும் மணலுக்கு அடியில் ஓடும். அந்தக் காலத்து விவசாயிகள் ஆற்று மணலில் நீளமாகப் பள்ளம் தோண்டி, அடியில் ஊறும் நீரைச் சாய்வாகவே வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றுக்கால் என்று பெயர். பம்ப்செட் இல்லை, கரண்ட் இல்லை, சாய்வு மட்டும்தான். என் பேத்தியின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்: ஆற்றில் தண்ணீர் இருந்தது, மணல் இருந்தவரை.

முதல் வழி: தெற்கே, மாமண்டூர் (போக சுமார் 15 கி.மீ.)

காஞ்சியிலிருந்து வந்தவாசி சாலையில் செவிலிமேடு. இங்கே சாலைக்கிணறு என்று ஒரு கிணறு. இராமானுஜர் இதிலிருந்து தண்ணீர் எடுத்து வரதராஜருக்குத் தினமும் சுமந்து சென்றார் என்பது வைணவ மரபு. அங்கிருந்து பாலாற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் ஒருமுறை இறங்கி நின்று பாருங்கள். ஆற்றின் அகலம் அப்போதுதான் புரியும்.

பாலம் தாண்டினால் தூசி. பக்கத்திலேயே குரங்கணில்முட்டம். குரங்கும் அணிலும் முட்டமும் (காக்கை) வழிபட்ட தலம் என்று புராணம் சொல்லும். சம்பந்தர் தேவாரம் பெற்ற ஊர். அங்கே ஒரு பல்லவர் குகைக்கோயில் இருக்கிறது. வயல் நடுவே, தரைமட்டத்துப் பாறையில் குடைந்தது. தெரியாதவர் பத்தடி தள்ளிப் போய்விடுவார்.

அங்கிருந்து மாமண்டூர். முதலாம் மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள், நான்கு. 7-ம் நூற்றாண்டின் தொடக்கம். மகேந்திரன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நாடகத்தின் பெயர் இங்குள்ள ஒரு கல்வெட்டில் வருகிறது. கதை நடப்பதே காஞ்சித் தெருக்களில்தான். ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கதை. அரசனே தன் தலைநகரத்துச் சாமியார்களைக் கேலி செய்து எழுதியிருக்கிறான் என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் நம்பமாட்டார்கள். குகையில் கொண்டுபோய் நிறுத்திச் சொன்னால் நம்புவார்கள்.

குன்றை ஒட்டியே ஏரி. கல்வெட்டில் சித்திரமேக தடாகம். இன்று தூசி-மாமண்டூர் ஏரி. கோயில் குடையும் கூட்டமும் ஏரி வெட்டும் கூட்டமும் ஒரே இடத்தில் வேலை பார்த்திருக்கிறது. இன்னொரு செய்தி: 1858-ல் வாலாஜாபேட்டை அருகே பாலாற்றின் குறுக்கே ஆங்கிலேயர் ஓர் அணைக்கட்டைக் கட்டினார்கள். அதிலிருந்து பிரியும் கால்வாய்கள் மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி. பெயர்களைப் பாருங்கள். புதிதாக எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பழைய ஏரிகளுக்குத் தண்ணீர் போகும் வழியைச் சீர் செய்தார்கள். அவ்வளவுதான். மகேந்திரவாடியிலும் மகேந்திரன் குடைந்த விஷ்ணு கோயில் உண்டு, அங்கும் பக்கத்தில் ஏரி.

இரண்டாம் வழி: கிழக்கே, திருமுக்கூடல் (போக சுமார் 25 கி.மீ.)

வாலாஜாபாத் சாலை. வழியில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை. நெசவாளர் ஊர்கள். தெருவில் பாவு நீட்டிக் கட்டியிருந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு பெடல் பட்டால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் வேலை போய்விடும். என் மாணவர்களில் பாதிப்பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் இதை நான் சொல்லித்தர வேண்டியிருந்ததே இல்லை.

வாலாஜாபாத் என்ற பெயர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவிடமிருந்து வந்தது. நேரமிருந்தால் வடக்கே திரும்பித் தென்னேரி பார்க்கலாம். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்பார்கள். அந்தத் திரையனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நேரே போனால் பழைய சீவரம். சின்ன மலை, மேலே லட்சுமி நரசிம்மர். ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் உச்சியிலிருந்து மூன்று ஆறுகள் சேரும் இடம் தெரியும்: பாலாறு, செய்யாறு, வேகவதி. மூன்றும் கூடும் ஊர் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதர் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளி, பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். காஞ்சியிலிருந்து ஆண்டுதோறும் ஜனங்கள் பின்னாலேயே நடந்து போகிற அந்த வழிதான் இந்தச் சைக்கிள் வழி.

திருமுக்கூடல் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலம், 11-ம் நூற்றாண்டு. கோயிலை ஒட்டி ஒரு வேதக் கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஒரு மருத்துவமனை. மருத்துவமனையின் பெயர் வீரசோழன். படுக்கை 15. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், இரவு விளக்குக்கு எண்ணெய், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், ஒவ்வொருவருக்கும் சம்பளம் எவ்வளவு நெல் என்ற கணக்கு. எல்லாம் கல்லில். பையன்கள் கல்வெட்டு என்றால் போர், பட்டப்பெயர் என்றே நினைத்திருப்பார்கள். நர்சுக்குச் சம்பளம் எழுதிய கல்வெட்டைப் பார்த்ததும் ஒருவன் கேட்டான், "சார், அப்ப நம்ம ஊர்ல ஏன் சார் ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் போகணும்?" அதற்கும் பதில் தெரியாமல்தான் நின்றேன்.

மூன்றாம் வழி: தென்கிழக்கே, உத்திரமேரூர் (போக சுமார் 30 கி.மீ.)

ஓரிக்கை வழியாகப் பாலாற்றைத் தாண்டி, செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல் கோயிலில் இளைப்பாறி, உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் பாடத்தில் படித்திருப்போம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கல்வெட்டுகள். யார் போட்டியிடலாம், யார் கூடாது, ஓலையைக் குடத்தில் போட்டு எப்படி எடுப்பது என்றெல்லாம் விதி. அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எதற்காக அந்தத் தேர்தல் என்பதை விட்டுவிடுகிறோம். அப்படித் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம், 6 பேர். அந்த ஊருக்கு வயிரமேக தடாகம் என்ற பெரிய ஏரி இருந்தது. பல்லவர் காலத்திலேயே அதில் தூர் எடுக்கக் கொடை விட்டிருக்கிறார்கள். வேலை ஏரியைக் காப்பது. அதைச் செய்ய யோக்கியமான ஆள் வேண்டும். அதற்குத்தான் அத்தனை நிபந்தனை. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது.

நான்காம் வழி: வடக்கே, கூரம், புள்ளலூர் (போக சுமார் 15 கி.மீ.)

கூரம் வைணவர்களுக்குக் கூரத்தாழ்வாரின் ஊர். வரலாற்றுக்காரர்களுக்குக் கூரம் செப்பேடு. முதலாம் பரமேசுவரவர்மன், 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. அங்கே சிவன் கோயில் கட்டி, மண்டபத்தில் பாரதம் படிக்க ஏற்பாடு செய்து, ஊருக்கு ஒரு ஏரியும் வெட்டியிருக்கிறான். அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற பெயரில் கால்வாய். ஊர் ஆற்றங்கரையிலேயே இல்லை. எத்தனை மைல் தள்ளி மேற்கே வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று சைக்கிளில் போய்ப் பார்த்தால்தான் பிரமிப்பு வரும்.

அடுத்து புள்ளலூர். பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் போர் நடந்த இடம். ஆயிரத்து நூறு வருடம் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று மீண்டும் அங்கேயே போர். ஐதர் அலியும் திப்புவும் ஒரு பக்கம், கர்னல் பெய்லியின் கும்பினிப் படை மறுபக்கம். பெய்லி வடக்கிலிருந்து வந்தார். ஐதரின் படை நெருங்குவதற்குள் காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டும். ஆனால் கொற்றலையாற்றில் வெள்ளம். கடக்க முடியாமல் நாட்கள் போய்விட்டன. அந்தத் தாமதம்தான் ஐதருக்கு வாய்த்தது. ராக்கெட்டுகள் விழுந்து கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் எரிந்தன. படை அழிந்தது, பெய்லி பிடிபட்டார். மன்றோ தம்முடைய கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு அதே களத்தில் நடந்த சண்டையில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் வயல் நடுவே நிற்கின்றன.

புத்தகத்தில் படித்தால் இது ஒரு தேதி. நாங்கள் காஞ்சியிலிருந்து சைக்கிளில் கிளம்பி ஒரு மணி நேரத்தில் அந்தத் தூணடியில் நின்றோம். ஒரு பையன், "சார், இவ்ளோ பக்கத்துல இருந்துமா காப்பாத்த வரல?" என்றான். பீரங்கிச் சத்தம் காதில் கேட்கிற தூரம். அந்தக் கேள்வி காரில் போயிருந்தால் வந்திருக்காது.

இந்தப் பாலாற்றுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. வடக்கே ஓடும் கொற்றலையாற்றுக்கு விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு என்று வடமொழிப் பெயர். ஒரு காலத்தில் பாலாறு அந்த வழியாக ஓடிப் பிறகு தெற்கே திரும்பியிருக்கலாம் என்பது நிலவியலாளர் கருத்து. ஆறு வழி மாறலாம். மனிதன் அதைப் பின்தொடர்ந்து ஏரிகளையும் வழிகளையும் அமைத்துக்கொண்டான்.

அந்தத் திரையனுக்கு வருகிறேன். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு நூல். 500 அடி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசு பெற்ற பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்குக் காஞ்சிக்கு, தொண்டைமான் இளந்திரையனிடம் போக வழி சொல்வதுதான் நூல் முழுக்க. உப்பு வண்டிகள் வரிசையாகப் போகும் பாதை, மிளகு மூட்டை சுமந்த கழுதைகள், சுங்கம் வாங்கும் இடம், வேடர் குடில், ஆயர் குடியிருப்பு, உழவர் ஊர், கலங்கரை விளக்கம் உள்ள துறைமுகம், கடைசியில் திருவெஃகா, காஞ்சி. எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பது வரை சொல்கிறார். இன்று சைக்கிள்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் ரூட் மேப்புக்கு இவர்தான் மூதாதை என்று பேத்தியிடம் சொல்லப்போகிறேன். அந்தத் திருவெஃகாவின் தலபுராணமும் தண்ணீர்க் கதைதான். கோபத்தோடு வேகவதியாகப் பாய்ந்து வந்த சரசுவதியைத் தடுக்கப் பெருமாளே குறுக்கே அணையாகப் படுத்தார் என்பார்கள். இன்றைக்கு வேகவதியைப் பார்த்தால், தடுக்க யாரும் படுக்க வேண்டியதில்லை. சாக்கடையாகத்தான் போகிறது.

சரி, 1996-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு என் வகுப்பில் ஒன்பதாவது படித்த பையன் ஒருவன். ஐயம்பேட்டைப் பக்கம், நெசவாளர் வீடு. எந்தப் பயணம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பான். யார் சைக்கிளில் செயின் கழன்றாலும் அவன்தான் மாட்டுவான். ஒரு நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில், மெயின் ரோட்டில், லாரி இடித்துவிட்டது. உயிர் பிழைத்தான். வலது கால் போனது போலத்தான். நடப்பான், ஆனால் அழுத்தி ஊன்ற முடியாது. குழித்தறியில் கால் இரண்டும் மிதியில் ஓட வேண்டும். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக ஓடிய தறிக்கு அடுத்த ஆள் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு எனக்குச் சைக்கிளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக மனம் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை. நானே நிறுத்திவிட்டேன். 2010-ல் ஓய்வு பெறும் வரை மாமண்டூரைக் கரும்பலகையில்தான் வரைந்து காட்டினேன்.

அவன் இன்று ஒரு சைக்கிள் கடை வைத்திருக்கிறான். போன மாதம் என் வண்டிக்கு டயர் மாற்றப் போனபோது பேச்சு அந்தப் பக்கம் போயிற்று. அவன் சொன்னது: "சார், நான் அடிபட்டது உங்க டூர்ல இல்ல. ஸ்கூலுக்கு வர்ற வழியில. டூர்ல நாம போனதெல்லாம் ஏரிக்கரை, கால்வாய் ஓரம். அங்க ஒரு லாரி கூட வராது. நீங்க டூரை நிறுத்தினீங்க. ரோட்ல போறதை யார் சார் நிறுத்தினாங்க?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நான் யோசிக்காத விஷயம் அது. பயத்தில் நிறுத்த வேண்டியதை விட்டுவிட்டு, நிறுத்தக் கூடாததை நிறுத்தியிருக்கிறேன்.

நம் மாநிலத்தில் சைக்கிள் சாதித்ததை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பிறகு அரசு மாணவ மாணவியருக்கு இலவசமாகச் சைக்கிள் தந்தது. அதில் பள்ளிக்கு வந்து பட்டம் வாங்கிய பெண்கள் என் வகுப்பிலேயே பலர். ஆனால் அந்தச் சைக்கிள் ஓட ஒரு பாதை? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. வேலை வந்தது, மறுக்கவில்லை. கூடவே கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ். திருமுக்கூடல், உத்திரமேரூர் பக்கம் கல்குவாரிகள், கிரஷர்கள், டிப்பர் லாரிகள். ஒரு பக்கம் ஆற்றில் மணல் போயிற்று. மணல் தீர்ந்ததும் குன்றை உடைத்து எம்-சாண்ட். மகேந்திரன் ஒரு குன்றில் ஒரு அறையைக் குடைந்தான். நாம் குன்றையே ஜல்லியாக்கிக்கொண்டிருக்கிறோம்.

மாற்று வழி இல்லையா என்றால் இருக்கிறது. ஏரிக்கரை, கால்வாய்க்கரை. ஊர்களை இணைத்தபடி இன்னும் கிடக்கின்றன, பாதி முள்ளாக, பாதி ஆக்கிரமிப்பாக. ஒரு கால்வாய் தூர்ந்தால் தண்ணீர் மட்டும் போவதில்லை, அதன் கரையில் இருந்த வழியும் போகிறது. கரையைச் செப்பனிட்டால் ஏரிக்கும் நல்லது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் நல்லது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் உடைந்தபோது இரு கரை கிராமங்களும் பட்ட பாடு நமக்குத் தெரியும். நிரம்ப வேண்டிய ஏரிகளுக்குக் கால்வாய் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தத் தண்ணீரில் இன்னும் கொஞ்சமாவது இங்கே தங்கியிருக்கும். காஞ்சிக்கும் தாம்பரம் பக்கத்துக்கும் குடிநீர் போவது இந்தப் பாலாற்றுப் படுகையிலிருந்துதான் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பேத்திக்கும், போக நினைக்கிற மற்றவர்களுக்கும் சில குறிப்புகள்:

மார்கழி, தை நல்ல காலம். ஏரியில் தண்ணீர் இருக்கும், வெயில் இராது. சித்திரை, வைகாசியில் வேண்டாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள். கியர் சைக்கிளின் மெல்லிய டயர் கரை வழிக்கு ஆகாது, கருவேல முள் பதம் பார்த்துவிடும். சாதா சைக்கிள்தான் சரி. பங்க்சர் சாமான், காற்றடிக்கும் பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். முதலில் மாமண்டூர் வழியில் தொடங்குங்கள், அது தூரம் குறைவு. குகையில் பெயர் கிறுக்காதீர்கள், கிறுக்கியவர்களைப் பார்த்தால் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். மழை பெய்திருந்தால் தரைப்பாலத்தில் இறங்காதீர்கள். ஆறு காய்ந்திருக்கிறது என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. தெருவில் பாவு கட்டியிருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

வரும் தை மாதம், பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, நான் மாமண்டூர் போகிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மெதுவாகத்தான் மிதிப்பேன். பேத்தி வருகிறேன் என்றிருக்கிறாள். அந்தச் சைக்கிள் கடைக்காரனிடம், "நீயும் வாயேன்பா" என்றேன். "கால் ஒத்துழைச்சா மிதிச்சு வரேன் சார், இல்லைன்னா டி.வி.எஸ்-ல டூல்ஸ் எடுத்துக்கிட்டுப் பின்னால வரேன். யாருக்காவது செயின் கழன்டா மாட்டணும் இல்ல?" என்றான்.

செவிலிமேடு பாலத்தருகே காலை ஆறு மணிக்கு. வருகிறவர்கள் வரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் பெற்றோரிடம் சொல்லிவிட்டு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்